கடலுக்கு ஒரு வயல் தள்ளி

அன்புள்ள ஐயா,

சைக்கிள் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். கூட்டமில்லாத சாலையில், ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல் என்று நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன மாதம் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கடற்கரையிலிருந்தே கிளம்பினேன். வரைபடத்தில் கடலை ஒட்டிப் போகும் சாலை எதுவோ அதையே பிடித்தேன். லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் உரசிக்கொண்டு போயின. பாதி தூரம் கடல் கண்ணில்கூடப் படவில்லை. பயந்துபோய் உள்பக்கமாகச் சுற்றித் திரும்பினேன். கடைசி 15 கிலோமீட்டர் நேராகக் கடலை நோக்கி வர வேண்டும். பிற்பகல் மூன்று மணி. அடித்த காற்றில் ஓட்ட முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்னும் விலை கூடிய வண்டி வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். அமைதியான பாதை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இருக்கிறது. அன்று காலை நீங்கள் அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

கடலை ஒட்டிப் போகும் சாலை எப்போதும் எல்லோருக்குமான சாலை. துறைமுகத்துக்குப் போகிறவர், கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர், ஊர் விட்டு ஊர் சரக்கு ஏற்றிப் போகிறவர் எல்லோரும் அந்த ஒரு கோட்டில்தான் வந்து சேர்கிறார்கள். கடலோ மணல்மேட்டுக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் மறைந்துகிடக்கும். அந்தச் சாலையை விட்டு ஒரு வயல் அளவுக்கு உள்ளே வாருங்கள். அங்கே இருப்பவை நிலத்துக்காகப் போட்ட சாலைகள். வரப்பையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து, வயலின் மூலைக்கு மூலை சட்டென்று திரும்பி, கரை மேல் ஏறி மதகைத் தாண்டி இறங்கும். அவசரமாகப் போகிறவர் எவரும் அதில் வண்டியை விடமாட்டார்.

வரைபடத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு கோட்டிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: இதில் போகிறவர் எங்கே போய்ச் சேர வேண்டியவர்? ‘தன் வயலுக்கு’ என்பது பதிலானால் அந்தச் சாலை எனக்கானது. அடுத்த நகரத்துக்கு என்றால் விட்டுவிடுவேன். புதிய நெடுஞ்சாலை போட்ட இடங்களில் அதன் பக்கத்திலேயே பழைய சாலை ஒன்று பெரும்பாலும் பிழைத்துக் கிடக்கும், அதையும் தேடிப் பாருங்கள். கடலில் போய் முடிந்துவிடும் குறுக்குச் சாலைகளை முட்டுச்சந்து என்று ஒதுக்காதீர்கள். கடலைப் பார்க்க அவைதான் வழி. வயல் வழியே போய்க்கொண்டிருந்து, அப்படி ஒன்றில் திரும்பி, இறங்கி, பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை அப்படிக் கிடைக்கும் கடல், நாள் முழுக்க வேலி இடுக்கில் தெரியும் கடலைவிடப் பெரியது.

இந்த எண்ணத்தை முறையாகச் செய்து காட்டியது பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம். சுரங்கப் பொறியாளரான ஹ்யூகோ போலன் யோசனைப்படி 1995-ல் அங்கே அமைதியான சாலைகளின் சந்திப்புகளுக்கு எண் போட்டார்கள். ஊர்ப்பெயர் வேண்டாம், 12-லிருந்து 47, அங்கிருந்து 48 என்று எண்களைக் குறித்துக்கொண்டு ஓட்டினால் போதும். பிறகு நெதர்லாந்து முழுவதும் அது பரவியது. கடலிடமிருந்து மீட்டு உண்டாக்கிய அந்த நாட்டு வயல்வெளிகளின் கரைச் சாலைகளில் இன்று எண் பலகைகளைப் பார்த்தபடியே நாள் முழுக்கப் போகலாம். நம் பாதைக்கும் அதையே செய்யலாம். திரும்ப வேண்டிய இடங்களை வரிசையாக ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வழியைக் கைப்பேசியிடம் விட்டால் அது ‘குறுக்கு வழி’ என்று உங்களை மறுபடியும் லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

காற்று விஷயத்தில் உங்கள் கால்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நேரம்தான் தவறு. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. வெயில் நாட்களில் முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியும்வரை மெல்லிய நிலக்காற்று கடல் பக்கம் வீசும். நீங்கள் கடலை நோக்கித் திரும்பியது கடற்காற்று உச்சத்தில் இருந்த நேரத்தில்.

கணக்காகவே பாருங்கள். காற்றே இல்லாதபோது மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் உங்கள் மார்பில் மோதுவது 35. காற்றின் தடை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவில் ஏறும் என்பதால் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. எத்தனை லட்சம் கொடுத்து வண்டி வாங்கினாலும் இந்த மூன்று மடங்கு குறையாது. கிளம்பும் இடம் உள்நாட்டில் என்றால் விடியலில் கடலை நோக்கிப் போய், மதியத்துக்கு மேல் காற்று முதுகில் தள்ளத் திரும்பலாம். நீங்கள் கடற்கரையிலிருந்து கிளம்புவதால் கணக்கை மாற்றிப் போட வேண்டும். இருட்டு பிரியும்போதே உள்பக்கம் கிளம்பி, காற்று கிளம்புமுன் கரைக்கு வந்துவிடுங்கள். பருவக்காற்று வலுவாக வீசும் நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பக்கக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எதிர்காற்றைவிட ஆபத்தானது. ஒரு முறை உயரமான புதர்வேலியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். காற்றே இல்லாதது போலிருந்தது. வயலுக்குள் டிராக்டர் நுழைவதற்காக வேலியில் ஒரு திறப்பு. அதன் நேரே வந்த கணத்தில் முன்சக்கரம் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியது போல. திறப்பைத் தாண்டியதும் பழையபடி அமைதி. அன்றிலிருந்து திறப்பைக் கண்டால் பிடியை இறுக்காமல், முழங்கையைத் தளர்த்தி, சாலை ஓரத்தைவிட்டுச் சற்று உள்ளே வந்து ஓட்டுகிறேன். இறுக்கிப் பிடித்தால் உடல் வாங்கும் தள்ளல் முழுவதும் ஹேண்டில்பாருக்குப் போய்விடும்.

இந்தச் சாலைகள் வேலை செய்கிறவர்களுடையவை. அறுவடைக் காலத்தில் எதிரே வரும் இயந்திரம் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு நாம் தெரிந்திருப்போம் என்று நம்பிவிடக் கூடாது. வயல் வாசலில் ஒதுங்கி, காலை ஊன்றி நின்று அவரைப் போகவிடுங்கள். டயரிலிருந்து விழுந்த சேற்றுக்கட்டிகள் காய்ந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. தூறல் விழுந்தால் சோப்பு போல வழுக்கும். மாடுகளை நெருங்கும்போது மணியடிப்பதைவிடப் பேச்சுக் குரல் நல்லது.

வண்டியை மாற்ற வேண்டாம், டயரை மாற்றுங்கள். சட்டகத்தில் இடமிருந்தால் 32 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டு, காற்றைக் கல் போல் அடைக்காமல் கொஞ்சம் குறைத்து விடுங்கள். கரடுமுரடான பாதையில் கெட்டியான டயர் துள்ளும், அந்தத் துள்ளலில் உங்கள் உழைப்புதான் வீணாகும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். வேகமாகப் பீய்ச்சாதீர்கள், பேரிங்குகளுக்குள் நீர் ஏறிவிடும். உப்புக்காற்றில் ஓட்டிய வண்டியை மூன்று வாரம் அப்படியே சாத்தி வைத்திருந்தேன் ஒரு முறை. எஃகுச் சட்டகத்துக்குள் அலுமினிய சீட் கம்பி இறுகிப்போய், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, கழிமுகங்கள். வரைபடத்தில் அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், பாலமோ வெகுதூரம் உள்ளே இருக்கும். ஓதம் ஏறினால் மூழ்கிவிடும் சாலைகளும் உண்டு. பிரான்சின் நுவார்முத்தியே தீவை நிலத்தோடு இணைக்கும் ‘பசாஜ் து குவா’ 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தினம் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். நீர் வடிந்த பிறகும் கல்லில் பாசியும் ஈரமும் இருக்கும். 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அங்கே வீரர்கள் கூட்டமாகச் சரிந்தார்கள். பட்டம் வெல்லக்கூடியவர் என்று கருதப்பட்ட அலெக்ஸ் சூல்லே அந்த ஒரே நாளில் ஆறு நிமிடங்களுக்கு மேல் இழந்தார்.

அதே ஞாயிறு, அதே இடம், ஆனால் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். முதல் முறைக்கு 40 கிலோமீட்டர் போதும். வழியில் பாலம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சனிக்கிழமை இரவே பார்த்து, அந்தத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.