கட்டிலோரம் ஒரு நோட்டுப்புத்தகம்

கேள்வி: அப்பாவுக்கு (74) பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. வலது பக்கம் வரவில்லை. அம்மாதான் (68) பார்த்துக்கொள்கிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், தங்கை கோவையில். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். சரிதானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்த தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். தேய்த்தால் உள்ளே நசுங்கியிருக்கும் தசை இன்னும் சிதையும். பவுடர் வியர்வையில் ஊறிக் கட்டியாகி உறுத்தும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு ரத்தத்தை அடைக்கும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதுதான் மருந்து. முழுதாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் படுக்கையில் படாதபடி. ஏர் பெட் வாங்கினால் மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்புதான். ரப்பர் ஷீட், போர்வை என்று அடுக்கினால் அதற்குச் செலவழித்த காசு வீண். ஏர் பெட் வந்தாலும் திருப்புவதை விடக் கூடாது.

தலைமாட்டுக்கு ஏற்றும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். வராத பக்கத் தோள்மூட்டு இறங்கிவிடும், முதுகுத் தோலும் உரசிக் கிழியும். பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் குறுக்கே போட்டு, ஆளுக்கொரு பக்கமாக இருவர் பிடித்துத் தூக்குங்கள். அம்மா தனியாகச் செய்தால் அடுத்து அவர் முதுகு பிடித்துக்கொள்ளும்.

இனி ஆள் கணக்கு. முன்பு இதற்கு யாரும் முறை போட்டதில்லை. வீட்டோடு இருந்த மருமகள் தலையில் விழுந்தது. இப்போது உங்கள் அம்மா தலையில். இரவு 10, 12, 2, 4 மணித் திருப்பல்களை ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்களும் மனைவியும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் குளிப்பாட்டவும் டயப்பர் மாற்றவும் ஆள் வையுங்கள். அம்மா கூடமாட இருந்தால் போதும். அந்த ஆள் விடுப்பெடுத்தால் யார் வருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தங்கைக்கு ஆள் சம்பளத்தில் பங்கு, அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் வந்து இருப்பது. போனில் நலம் விசாரிப்பது முறையில் சேராது! கட்டிலோரம் ஒரு நோட்டு தொங்கட்டும்: மணி, எந்தப் பக்கம், யார். சண்டை பாதி குறையும்.

கேள்வி: மத்திய அரசு ஊழியை நான். மாமியாரைப் பார்த்துக்கொள்ள, குழந்தை பராமரிப்பு விடுப்பை எடுக்கலாமா?
– வாசகி, ஆவடி

பதில்: முடியாது. பணிக்காலம் முழுவதற்குமான அந்த 730 நாள் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக மட்டுமே (மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பில்லை). மனைவியில்லாத ஆண்களுக்கும் உண்டு. பெரியவர்களுக்கென்று தனி விடுப்பு கிடையாது. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச்சம்பள விடுப்பு போன்றவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: 2019-ல் வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதினேன். இப்போது சோறு போடுவதில்லை. பத்திரத்தை ரத்து செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் தீர்ப்பு. முதியோருக்கு உதவும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது 2025 ஜனவரித் தீர்ப்பு. ஆகவே, பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லையென்றாலும் மனுவைக் கைவிட வேண்டாம். ஜீவனாம்சமும் சேர்த்துக் கேளுங்கள். சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. வழிகாட்டலுக்கு 14567-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. இனிமேல் எழுதப்போகிறவர்கள் பராமரிப்பு நிபந்தனையோடு, ஆயுள்வரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.