மடக்கும் டிரெட்மில் வாங்கும் முன் தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள்

கேள்வி: என் எடை 88 கிலோ, உயரம் 175 செ.மீ. தினமும் நடக்க வேண்டும், பழகியபின் கொஞ்சம் ஓடவும் ஆசை. அம்மாவும் மெதுவாக நடப்பார். ஹால் சிறியது, அதனால் மடக்கும் டிரெட்மில்தான் சரிப்படும். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 4 ஹெச்பி பீக், எடை 36 கிலோ, 100 கிலோ வரை தாங்கும், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இன்னொன்று 2.5 ஹெச்பி தொடர்திறன், எடை 68 கிலோ, 120 கிலோ வரை தாங்கும், மடித்தால் நிமிர்ந்து நிற்கும். எதை வாங்கலாம்?

பதில்:

நானும் இதே குழப்பத்தில் இருந்தவன்தான். முதல் தடவை லேசானதை, கட்டிலுக்கு அடியில் போவதை வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் அதன் கதை முடிந்தது. இப்போது இருப்பது இரண்டாவது, நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மடிப்பைப் பற்றி. கடையில் விற்பவர் ஒற்றைக் கையால் தூக்கி மடித்துக் காட்டுவார், நமக்கும் ஆசை வந்துவிடும். வீட்டில் நடந்தது வேறு. காலையில் எழுந்து, டீப்பாயை நகர்த்தி, மிதியடியைச் சுருட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, கைப்பிடியை நிமிர்த்தித் திருகி, பிளக்கைச் செருகிய பிறகுதான் முதல் அடி. முதல் வாரம் உற்சாகமாகச் செய்தேன். மூன்றாவது வாரம் மிதியடியைச் சுருட்டும்போதே சலிப்பு வந்தது. இரண்டாம் மாதம் அதை விரித்தபடியே விட்டுவிட்டேன், வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அதனால் மடித்த அளவைக் கடைசியாகப் பாருங்கள், விரித்த அளவை முதலில் பாருங்கள். பழைய செய்தித்தாளை எடுத்து, டிரெட்மில்லின் முழு நீள அகலத்துக்குத் தரையில் விரித்து ஒட்டுங்கள். அதற்குப் பின்னால் இன்னும் 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், பக்கங்களில் அரை மீட்டராவது. பின்பக்க இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். தடுமாறினால் பெல்ட் நம்மைப் பின்னால்தான் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம், பெல்ட் நிற்காமல் ஓடித் தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். இந்தச் செய்தித்தாளை இரண்டு நாள் அப்படியே விட்டு வைத்து நடமாடிப் பாருங்கள். கதவு திறக்கிறதா, அலமாரி திறக்கிறதா, இரவில் தண்ணீர் குடிக்கப் போகிறவர் இடித்துக்கொள்வாரா, எல்லாம் தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளும் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லையென்றால் மடிப்பு வசதி உங்களுக்கு அவ்வளவு முக்கியமே இல்லை.

மேலேயும் அண்ணாந்து பாருங்கள். பெல்ட்டுக்கு அடியில் நம்மைத் தாங்கும் பலகையான டெக் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஏற்றம், அதாவது மேட்டில் ஏறுவது போன்ற சரிவு வைத்தால் முன்பக்கம் இன்னும் உயரும், ஓடும்போது உடம்பும் துள்ளும். தாழ்ந்த பரண், மின்விசிறி இதற்கெல்லாம் கீழே வைக்காதீர்கள்.

சரி, மடிப்பில் இரண்டு வகை. ஒன்றில் கைப்பிடி கீழே சாய்ந்து முழுவதும் தட்டையாகிவிடும், நீங்கள் சொன்ன முதல் மாடல் அந்த வகை. தட்டையாக வேண்டும் என்பதற்காகவே டெக் மெல்லியது, பெல்ட்டைச் சுழற்றும் உருளைகள் சிறியவை, பெரும்பாலும் ஏற்றம் கிடையாது. மற்றதில் டெக் மட்டும் மேலே எழுந்து நிற்கும். அதில் கீழே ஒரு ஹைட்ராலிக் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூக்குவதற்குப் பாதி பலம் போதும், இறக்கும்போதும் தடாலென்று விழாமல் மெதுவாக இறங்கும். பூட்டு 'டக்' என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் அந்த டெக் குழந்தைகள் மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விரித்த நிலையில் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துப் பலமாக ஆட்டியும் பாருங்கள். நீங்கள் நிற்கும்போதே ஆடுகிற சட்டம், ஓடும்போது இன்னும் ஆடும். மடிகிற மூட்டுகளில் உள்ள போல்ட்டுகள் அதிர்வில் தளரும் என்பதால் மாதம் ஒரு தடவை இறுக்குவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மோட்டார். ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இது. பீக் ஹெச்பி என்பது மோட்டார் சில விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டும் பலம். தொடர்திறன் என்பது அரை மணி, ஒரு மணி நேரம் விடாமல் தரும் பலம். நமக்கு வேண்டியது இரண்டாவது. விளம்பரத்தில் எது எழுதியிருந்தாலும் சரி, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைத் தேடிப் படியுங்கள். 1 ஹெச்பி என்பது சுமார் 746 வாட். 4 ஹெச்பி என்றால் ஏறக்குறைய 3000 வாட் வர வேண்டும். என்னுடைய முதல் டிரெட்மில்லின் பெட்டியில் பெரிய எழுத்தில் 3 ஹெச்பி என்று இருந்தது, தகட்டில் இருந்தது 735 வாட். அதாவது தொடர்ந்து ஓடும்போது 1 ஹெச்பிகூட முழுதாக இல்லை. அந்தத் தகட்டை நான் படித்தது அது பழுதான பிறகு, தலைகீழாகக் கவிழ்த்தபோதுதான்!

நடப்பதற்கு மட்டும் என்றால் 1.5 முதல் 2 ஹெச்பி தொடர்திறன் போதும். மெதுவோட்டத்துக்கு 2.5, தினமும் ஓடுகிறவருக்கு 3. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: மெதுவாக நடப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. கனமானவர் மெதுவாக நடக்கும்போது ஒவ்வொரு பாதமும் பெல்ட்டை டெக்கோடு அழுத்தியபடி நீண்ட நேரம் இருக்கும். மோட்டாரோ குறைந்த சுழற்சியில் அந்தப் பிடிப்பை மீறி இழுக்க வேண்டும், மின்னோட்டம் எகிறும், சூடு ஏறும். நடக்கத்தானே போகிறோம் என்று சின்ன மோட்டாரை எடுக்கும் கனமான ஆட்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

எடை வரம்பும் இதே மாதிரிதான். 88 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் இடையே 12 கிலோ இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு காலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசையோடு பதிகிறது. குறைந்தது 20 கிலோவாவது இடைவெளி இருக்கட்டும்.

அடுத்தது பெல்ட்டின் அளவு. விளம்பரத்தில் போடும் நீளம் முன்பக்க மோட்டார் மூடியையும் சேர்த்து இருக்கலாம், அதனால் ஓடும் பரப்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். உங்கள் உயரத்துக்கு நடக்க 120 × 42 செ.மீ. போதும். ஓட வேண்டுமென்றால் 130 × 48க்குக் கீழே போகாதீர்கள். என் பழையது 105 செ.மீ. நீளம். பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே முன்னால் ஒட்டிக்கொண்டு, கையை முழுதாக வீசாமல், குட்டிக் குட்டியாக அடி வைத்து நடந்தேன். இடுப்பு வலிக்க ஆரம்பித்தபோது நடைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நீளமான பெல்ட்டுக்கு மாறிய பிறகு அந்த வலி இல்லை.

ஏற்றம் கிடைத்தால் விடாதீர்கள். மருத்துவமனையில் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிப்பது) பரிசோதனை செய்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓடச் சொல்வதற்கு முன்பே மூச்சு வாங்கியிருக்கும். அதில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963இல் வெளியிட்டது. முதல் 3 நிமிடம் வேகம் மணிக்கு வெறும் 2.7 கி.மீ., ஆனால் ஏற்றம் 10 சதவீதம். அடுத்த 3 நிமிடம் வேகம் 4 கி.மீ., ஏற்றம் 12 சதவீதம். வேகத்தைக் கூட்டாமலே இதயத்துக்கு வேலை கொடுக்க ஏற்றம் போதும். ஓடினால் முழங்கால் நோகும் என்பவர்களுக்கு, கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்பவர்களுக்கு இது பெரிய வரம். என்ன, கையால் மாற்றும் ஏற்றம் என்றால் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இறங்கி, இயந்திரத்தின் கால்களை மாற்றி வைக்க வேண்டும். நான் அறிந்தவரை அதை இரண்டு தடவைக்கு மேல் யாரும் செய்வதில்லை, ஒரே நிலையில் வைத்துவிடுகிறார்கள். பட்டனில் இயங்குவதாக இருந்தால் நல்லது. (உங்களுக்கோ அம்மாவுக்கோ இதயத் தொந்தரவு, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் ஏற்றத்தைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.)

திரை, ப்ளூடூத், ஸ்பீக்கர், 36 வகைப் பயிற்சித் திட்டம், கூடவே ஒட்டியிருக்கும் மசாஜ் பெல்ட்: எதற்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். திரையில் காட்டும் கலோரிக் கணக்கு உத்தேசம்தான். பலவற்றில் நம் எடையைக்கூடக் கேட்பதில்லை, அப்புறம் எப்படிச் சரியாகச் சொல்லும்?

அம்மா நடப்பார் என்றீர்கள். அப்படியானால் கைப்பிடி நீளமாக, பக்கவாட்டில் பாதி தூரமாவது வர வேண்டும். தட்டையாக மடிபவற்றில் பெரும்பாலும் முன்னால் ஒரு குறுக்குக் கம்பி மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது. தொடக்க வேகம் மணிக்கு 1 கி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். ஏறும்போது பெல்ட்டின் மேல் நேரடியாக நிற்காமல் இரு பக்க ஓரத் தட்டுகளில் நின்று, பெல்ட் நகர ஆரம்பித்த பின் கால் வைக்கப் பழக்குங்கள். சேஃப்டி கீயின் (கழன்றால் பெல்ட்டை நிறுத்திவிடும் சாவி) கிளிப்பை உடையில் மாட்டிக்கொள்வதை நாம் செய்தால்தான் அவரும் செய்வார். இறங்கியதும் தரை நகர்வது போல ஒரு நிமிடம் தோன்றும், முதல் நாளே சொல்லிவையுங்கள். என் அம்மா அதற்குப் பயந்தே ஒரு வாரம் ஏறவில்லை.

வீட்டுக்குக் குழந்தைகள் வந்துபோவார்கள் என்றால் நடந்து முடித்ததும் அந்தக் கீயைக் கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். 2021இல் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் டிரெட்மில்கள் சுமார் 1,25,000 திரும்பப் பெறப்பட்டன. குழந்தைகளும் பொருட்களும் பின்பக்கம் அடியில் இழுக்கப்பட்டதும், ஒரு குழந்தை இறந்ததும்தான் காரணம். விலை உயர்ந்த இயந்திரத்துக்கே இந்த நிலை.

கடைசியாக, என் முதல் டிரெட்மில் ஏன் செத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பழியையும் மோட்டார் மேல் போட முடியாது. ஒரு நாள் கருகல் வாடை வந்தது, பெல்ட் திக்கித் திக்கி நின்றது. பழுது பார்க்க வந்தவர் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் துழாவினார். "எண்ணெயே காட்டலையா சார்?" என்றார். காட்டவில்லை. காட்ட வேண்டும் என்றே தெரியாது. பெல்ட்டுக்கும் டெக்குக்கும் நடுவில் உராய்வு ஏற ஏற மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்து, கடைசியில் மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையான கன்ட்ரோல் போர்டு கருகிவிட்டது. புது போர்டின் விலை, பழைய மெஷினை விற்றால் கிடைப்பதைவிட அதிகம்.

ஊற்ற வேண்டியது சிலிக்கான் எண்ணெய் மட்டும். தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது, பெல்ட்டைக் கெடுத்துவிடும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பது கையேட்டில் இருக்கும். சில டெக்குகளுக்கு எண்ணெயே கூடாது என்று போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்பட வேண்டாம். இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள இடப்பக்க போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவதுதான், 68 கிலோ. உங்கள் எடைக்கும், ஓடும் ஆசைக்கும், அம்மாவுக்கும் முதல் மாடல் தாங்காது. நீங்கள் அம்மாவின் எடையிலும் வேகத்திலும் இருந்து, தினம் 20 நிமிடம் மட்டும் நடப்பதாக இருந்தால் யோசித்திருப்பேன். ஆனால் இரண்டாவதையும் ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் சொந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு போய், விற்பவர் முகம் சுளித்தாலும் 15 நிமிடம் நடங்கள். ஓடும் பரப்பு 130 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேறு மாடல் தேடுங்கள். உத்தரவாதம் மோட்டாருக்கு எத்தனை வருடம், கன்ட்ரோல் போர்டுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மோட்டாருக்கு மட்டும் நீண்ட வருடங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டு போர்டைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள்.

வந்து இறங்கும் நாளில் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கட்டும். பெட்டியோடு சேர்த்தால் 68 கிலோவைத் தாண்டிவிடும், கொண்டு வருகிறவர்கள் பல நேரம் வாசலோடு போய்விடுவார்கள். எங்களுடையது மாடிப்படியின் முதல் படியில் அரை நாள் கிடந்தது.