கரண்ட் போனால் அலாரம் யாருக்குப் போன் போடும்?

கேள்வி: திருட்டுக்கும் தீக்கும் சேர்த்து வீட்டில் அலாரம் வைத்திருக்கிறோம். ஏதாவது நடந்தால் அதுவே கண்காணிப்பு மையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடும். இப்போது பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபரோடு வரும் இணையப் போனுக்கு மாறிவிட்டோம். அலாரத்துக்குள் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை என்கிறார் கணவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது பாதிதான் சரி. பேட்டரி இருப்பதால் சென்சார் வேலை செய்யும், சைரனும் அலறும். ஆனால் செய்தி வீட்டை விட்டு வெளியே போகாது.

பழைய செம்புக் கம்பியில் போனுக்கு வேண்டிய மின்சாரமும், சுமார் 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அங்கே பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருக்கும், அதனால்தான் தெருவே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டி, ரூட்டர், சில வீடுகளில் போனுக்கென்று தனியாக ஒரு அடாப்டர், எல்லாமே உங்கள் வீட்டு பிளக்கை நம்பி இருப்பவை. கரண்ட் போன உடனே அவை அணைந்துவிடும்.

அதனால் இவை எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும், ரூட்டருக்கு மட்டும் வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் சேர்ந்து 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும், கணக்குப்படி நாலு மணி நேரம் வர வேண்டும், ஆனால் டிசியை ஏசியாக்கி மறுபடி டிசியாக்குவதிலேயே கொஞ்சம் போய்விடுவதால் மூன்று மணி நேரம் வந்தாலே நல்லது. டிசியாகவே கொடுக்கும் மினி யுபிஎஸ் என்றால் அந்த வீணடிப்பு குறையும், வாங்கும் முன் வோல்ட் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். சில வருடங்களில் இந்த பேட்டரிகள் சோர்ந்துபோகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: யுபிஎஸ் வைத்தாகிவிட்டது, இணையப் போனில் பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் அலாரம் அனுப்பும் சோதனைச் செய்தி சில நேரம் மையத்துக்குப் போகிறது, சில நேரம் போவதில்லை. ஏன்?

பதில்: அலாரம் பேனல், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி, டோன்களால் பேசுகிறது, சிக்கல் அங்கேதான். பரவலாக இருக்கும் காண்டாக்ட் ஐடி முறையில், மையம் முதலில் 1400 ஹெர்ட்ஸ், 2300 ஹெர்ட்ஸ் என்று இரண்டு டோன் கொடுக்கும். பேனல் உடனே எண்களைச் சரசரவென்று அனுப்பும், ஒரு எண்ணுக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான். எல்லாம் சரியாக வந்து சேர்ந்தால் மையம் ஒரு டோன் கொடுத்து ஒப்புக்கொள்ளும், வராவிட்டால் பேனல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். இணையப் போன் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, பாக்கெட்டுகளாக, அனுப்புகிறது. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மனிதப் பேச்சில் தெரியவே தெரியாது, இங்கே ஒரு எண்ணே சிதைந்துவிடும். அதிலும் ஜி.729 மாதிரி நொடிக்கு 8 கிலோபிட்டுக்குள் குரலை நசுக்கும் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இருந்தால் டோன் உருக்குலைந்துதான் போகும். அந்த அளவுக்கு நசுக்காத ஜி.711-க்கு மாற்றித் தரச்சொல்லி இணையப் போன் நிறுவனத்திடம் கேளுங்கள், நிலைமை தேறும், ஆனால் முழு உத்தரவாதம் கிடையாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பேனல் பார்ப்பது அதில் வோல்டேஜ் இருக்கிறதா என்பதை வைத்துத்தான். இணையம் அறுந்துபோனாலும் பல அடாப்டர்கள் வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேனலும் எல்லாம் சரி என்று பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அப்புறம் என்னதான் செய்வது?

பதில்: பேனலுக்குள்ளேயே பொருத்தும் 4ஜி சிம் கருவி வாங்குங்கள். பேனலின் பேட்டரியிலேயே அது ஓடும், ரூட்டர் அணைந்தாலும் அதற்குக் கவலையில்லை. பழைய 2ஜி, 3ஜி கருவி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அந்தச் சேவைகளைப் பல நாடுகள் மூடிக்கொண்டிருக்கின்றன. செல்போன் டவரின் பேட்டரியும் ஒருநாள் தீரும் என்பதால் இணையம் ஒரு வழி, சிம் ஒரு வழி என்று இரண்டும் இருக்கட்டும். பேனலிலிருந்து குறித்த இடைவெளியில் சமிக்ஞை வராவிட்டால் மையமே எச்சரிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சோதனை. மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். அலாரத்தைக் கிளப்பிவிட்டு, செல்போனில் மையத்தைக் கூப்பிட்டுச் செய்தி வந்ததா, எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். வந்த பதில் திருப்தியாக இல்லையென்றால் பொருத்தியவரை அன்றைக்கே வரச்சொல்லுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் அம்மாவின் கழுத்தில் அவசர பட்டன் இருக்கிறது. அதற்கும் இதே கதைதானா?

பதில்: ஆமாம். அது போன் லைனை நம்பியிருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும், திருட்டு அலாரம் ஒரு வாரம் காத்திருக்கலாம்.