டாலர் சேமிப்பைத் தாய்லாந்து ஓய்வு விசாவுக்குக் காட்டுவது

வணக்கம். 50 வயது தாண்டிவிட்டது, சேமிப்பு முழுக்க டாலரில் இருக்கிறது, அதை மாற்றாமலே, ஓய்வு விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாத் (தாய்லாந்து நாணயம்) இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் எந்த நாட்டு வங்கியில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரிலிருந்தே தூதரகம் வழியாக ஓ-ஏ விசாவுக்கு (வெளிநாட்டிலிருந்தே வாங்கும் ஓய்வு விசா) விண்ணப்பித்தால் உங்கள் ஊர் வங்கிக் கணக்கில் அதற்கு ஈடான தொகை இருந்தால் போதும், ஆனால் தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு ஓராண்டு நீட்டிப்புக் கேட்கும்போது பணம் தாய் வங்கியில், உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும்.

தாய் வங்கிகளிலேயே டாலர் கணக்கு திறக்கலாம். சில குடிவரவு அலுவலகங்கள் அதை ஏற்கின்றன, சில பாத் கணக்குதான் வேண்டும் என்கின்றன. அதனால் கணக்கு திறப்பதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள், இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். ஏற்றார்கள் என்றால் டாலர் இருப்பும் அன்றைய பாத் மதிப்பும் சேர்த்து வங்கியிடம் கடிதம் வாங்குங்கள்.

பெரிய சிக்கல் மாற்று விகிதம்தான். விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்து, அனுமதி கிடைத்து 3 மாதம் வரை 8 லட்சம் குறையக்கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 25,000 டாலர் என்று வையுங்கள்: டாலருக்கு 33 பாத் என்றால் 8,25,000, அதுவே 31 ஆனால் 7,75,000! நீங்கள் ஒரு காசு எடுக்காமலே நிபந்தனை உடைந்துவிடும். டாலரிலேயே வைப்பதானால் பத்து சதவீதமாவது கூடுதலாகப் போட்டு வையுங்கள். நானாக இருந்தால் 8 லட்சத்தை மட்டும் பாத்தாக மாற்றிவிட்டு மீதியை டாலரில் விட்டுவிடுவேன்.