40% முன்பணம் கேட்கிறார், அவரிடமே வீடு கட்டக் கொடுக்கலாமா?

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்டப் போகிறோம். மூன்று பில்டர்களிடம் எஸ்டிமேட் வாங்கினோம். ஒருவர் மற்ற இருவரையும்விட 15% குறைவாகச் சொல்கிறார். ஆனால் 40% முன்பணம் கேட்கிறார். பாதி எங்கள் சேமிப்பு, மீதி வீட்டுக் கடன். அவரிடமே பேசி முடித்துவிடலாமா?

பதில்: இந்த முன்பணத்தோடு வேண்டாம். மற்றவர்கள் 100 சொல்லும் வேலைக்கு இவர் 85 சொல்கிறார். அதில் 40% என்றால் 34. பேஸ்மென்ட் மட்டத்தோடு, அதாவது சுவர் எழும்பும் முன்பே வேலை நின்றுபோகிறது, அதுவரை நடந்த வேலையின் மதிப்பு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 20 அவரிடம் மாட்டிக்கொண்டது. மிச்சம் பிடிக்க நினைத்ததோ 15தான். பாதியில் நின்ற வேலையை எடுத்துச் செய்ய வருபவர் பழைய ரேட்டுக்கு வரவும் மாட்டார். கட்டி முடித்த வேலையைத் தாண்டி உங்கள் பணம் அவர் கைக்குப் போகக் கூடாது. நான் ரேட்டைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆள்களையும் சாமான்களையும் இறக்க மட்டும் 5 முதல் 10% வரை முன்பணம் நியாயம். மீதியை அஸ்திவாரம், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு, தரை என்று பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் கொடுங்கள். வங்கியும் கடனை வேலை நடந்த அளவைப் பார்த்துத்தான் விடுவிக்கும். பில்டரின் தவணைகளை அதற்குப் பொருத்தாவிட்டால், இடையில் கைமாற்று வாங்கி அலைய நேரிடும்.

அந்த 15% எங்கே குறைந்தது என்றும் பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட் எல்லாம் அதில் சேர்த்தியா? பால்கனியை முழுப் பரப்பாகக் கணக்கிடுகிறாரா, பாதியாகவா? சதுர அடி ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் இது எதுவும் தெரியாது. சிமென்ட், கம்பி, டைல்ஸ், ஒயர் என்று பொருள்வாரியாக பிராண்டும் அளவும் எழுதி, ஒரே பட்டியலுக்கு மூவரிடமும் மறுபடி விலை கேளுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அவர் இப்போது வேலை செய்யும் சைட்டுக்குச் சொல்லாமல் போங்கள். சிமென்ட் மூட்டைகள் பலகைமேல் இருக்கின்றனவா, வெறும் தரையிலா? கான்கிரீட் போட அடித்த பலகையைப் பிரித்த தூணில் ஜல்லி தேன்கூடு போலத் தெரிகிறதா? நான்கு நாள் முன்பு போட்ட தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அது காய்ந்து கிடந்தால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். பிறகு, அவர் கட்டி இரண்டு மூன்று வருடமான வீட்டுக்காரர்களைப் பாருங்கள். "வீடு எப்படி?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். "பாத்ரூம் சுவரில் ஈரம் கசிந்ததா? கூப்பிட்டால் வந்து பார்த்தாரா?" என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். முடிக்கும் தேதி, தாமதமானால் கழிக்கும் தொகை, கூடுதல் வேலை எதுவானாலும் விலையோடு கையெழுத்தான பிறகே தொடங்குவது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அப்படியும் செலவு கூடும். மொத்தத்தில் 10%-ஐ தனியாக ஒதுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கடைசி 5%-ஐ சாவி வாங்கும் நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, விரிசலும் கசிவும் சரிசெய்த பிறகே தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். 10% முன்பணத்துக்கும் இதற்கும் அவர் சம்மதித்து, சைட்டும் திருப்தியாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்காரருக்கே தாராளமாகக் கொடுக்கலாம்.