கோல் போடாத மிட்ஃபீல்டருக்கு 7.5 கோடி யூரோவா?

நெதர்லாந்தின் ஃபிரெங்கி டி யோங் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கால்பந்துக் குழுவின் பதில்கள்.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: டி யோங்கை பார்சிலோனா 7.5 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அவர் ஒரு சீசனில் போடும் கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி என்னதான் செய்கிறார் என்று ஹாஸ்டலில் தினமும் சண்டை. யார் பக்கம் நியாயம்?

கோல், அசிஸ்ட் என்ற இரண்டு கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு முழு ஆட்டம் அவரை மட்டும் பாருங்கள். எதிரணி ஏறி வந்து அமுக்கும்போது அந்த முதல் வரிசையைத் தாண்டிப் பந்தை வெளியே கொண்டுவருவதுதான் அவர் வேலை. பெரும்பாலான மிட்ஃபீல்டர்கள் இதை பாஸ் கொடுத்துச் செய்வார்கள். டி யோங் பந்தோடு ஓடியே செய்கிறார்.

வலது காலாட்டக்காரரான அவர், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர்களுக்கு இடப்பக்கமாக இறங்கிப் பந்தை வாங்குவார். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க வலது காலுக்குத் திறந்து கிடக்கும். உடனே பாஸ் கொடுக்க மாட்டார். அமுக்க வருபவன் ஒரு கை தூரத்துக்கு நெருங்கும்வரை காத்திருப்பார். பந்துக்கும் அவனுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, வலது பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. அவன் பின்னால் தங்கிவிடுவான். இனி அவரைத் தடுக்க வேறொருவன் தன் இடத்தை விட்டு வந்தாக வேண்டும். அவன் விட்டு வந்த ஆள் காவல் இல்லாமல் நிற்பான். கோலுக்கு முந்தைய பாஸையே அசிஸ்ட் என்று எழுதுகிறார்கள். இவர் செய்தது அதற்கும் இரண்டு மூன்று பாஸ் முன்னால் நடந்துவிடுவதால் எந்தக் கணக்கிலும் ஏறாது.

2019 மார்ச் 5 அன்று மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றிருந்த அயாக்ஸ் (டி யோங் அப்போது ஆடிய நெதர்லாந்து கிளப்), ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று உருட்டிவிட்டது. நான்கு கோலில் ஒன்றுகூட டி யோங்குடையது இல்லை. ஆனாலும் அன்று மாட்ரிட்டின் நடுக்களம் துரத்திக்கொண்டே இருந்தது அவரைத்தான். அந்த சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர் என்ற விருதை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அவருக்கே கொடுத்தது.

சண்டையைத் தீர்க்க ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். தன் கோல் பக்கம் முகம் வைத்துப் பந்து வாங்கியது எத்தனை தடவை, அதில் முன்பக்கம் திரும்பியது எத்தனை, பறிகொடுத்தது எத்தனை. எந்த மிட்ஃபீல்டருக்கும் இதையே எண்ணி ஒப்பிடலாம்.

எதிர்க்கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு. பார்சிலோனாவில் முதல் சில வருடங்கள் அவர் அயாக்ஸில் ஆடிய ஆளாகத் தெரியவில்லை. அயாக்ஸில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் அவரை இன்னொரு மிட்ஃபீல்டர் லாசே ஷோனேவுக்குப் பக்கத்தில், ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தினார். 2018 தொடக்கத்தில் ஸ்டாப்பராகவும் ஆடவைத்தார். பார்சிலோனாவிலோ அந்த இடத்தில் செர்கியோ புஸ்கெட்ஸ் இருந்தார். அதனால் டி யோங்கை மேலே தள்ளி, எதிரணி கோலுக்கு முதுகு காட்டிப் பந்து வாங்கும் இடத்தில் ஓடவிட்டார்கள். திறமை குறையவில்லை, அதைக் காட்டும் இடம்தான் பறிபோனது. 2023-ல் புஸ்கெட்ஸ் விலகிய பிறகே அந்த இடம் காலியானது.

கிளப் செயலாளர், மன்னார்குடி: டி யோங்கை ஒரே ஒரு யூரோவுக்கு விற்றார்கள் என்கிறார்களே, உண்மையா? விற்ற கிளப் ஏமாந்துபோனதா?

உண்மைதான். 2015 ஆகஸ்டில் டில்பர்க் நகரின் வில்லெம் டூ கிளப் அவரை அயாக்ஸுக்கு 1 யூரோவுக்குக் கொடுத்தது. அந்த மே 10-ஆம் தேதிதான், பதினெட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, டச்சு முதல் டிவிஷனில் மாற்று ஆட்டக்காரராக முதன்முதலில் இறங்கியிருந்தார்.

ஆனால் ஏமாறவில்லை. ரொக்கத்தை விட்டுவிட்டு, அயாக்ஸ் அவரைப் பின்னாளில் விற்றால் அதில் 10 சதவீதம் தனக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டது. 2019 ஜனவரியில் பார்சிலோனா ஒப்புக்கொண்ட அடிப்படை விலை 7.5 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 600 கோடி ரூபாய். ஆட்டம், கோப்பைகளைப் பொறுத்துக் கூடுதலாக 1.1 கோடி யூரோவரை. அடிப்படை விலையில் பத்தில் ஒரு பங்கு என்றாலே 75 லட்சம் யூரோ.

அதற்கு மேல் ஒற்றுமைப் பங்கு என்று ஃபிஃபா விதி ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டு கிளப்பிலிருந்து வேறு நாட்டு கிளப்புக்கு ஒருவர் விலைக்குப் போனால், விலையில் 5 சதவீதத்தை அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு விலையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 சதவீதம். டி யோங் 18 வயதுவரை வில்லெம் டூவில் வளர்ந்தவர். நாலு வருடத்துக்கு 1 சதவீதம், மூன்று வருடத்துக்கு 1.5, ஆக 2.5. விதிக் கணக்குப்படி அடிப்படை விலையில் 18.75 லட்சம் யூரோ.

செயலாளர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது பதிவு. எந்தப் பையன் எந்த வருடம் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தான் என்பதை வைத்துத்தான் பங்கு பிரிப்பார்கள். இந்தியாவில் அது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் இருக்க வேண்டும். வயதுச் சான்றும் புகைப்படமும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தால் செல்லாது. பல கிளப்புகள் போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் பதிவு செய்கின்றன, நடுவில் விட்ட வருடங்கள் கணக்கில் வராது. சென்னைக்கோ கோவாவுக்கோ போகும் பையனுக்கு இந்த ஃபிஃபா விதி பொருந்தாது, வளர்த்ததும் விற்பதும் வாங்குவதும் இந்திய கிளப்புகளே. உள்நாட்டில் விடும்போது பின்விற்பனைப் பங்கை நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வில்லெம் டூ செய்ததும் அதைத்தான்.

ஒரு தாய், திருவையாறு: என் மகனுக்கு 13 வயது, மிட்ஃபீல்டில் ஆடுகிறான். டி யோங் மாதிரி திரும்பப் பார்க்கிறான், ஒவ்வொரு தடவையும் பந்து பறிபோகிறது. “அடிச்சு விடுடா” என்று கோச் கத்துகிறார். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அம்மா, பெரும்பாலும் கோளாறு திரும்புவதில் இருக்காது. பந்து வருவதற்கு முன்னால் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். அமுக்க வருபவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியாமல் திரும்புகிறவன் பாதி நேரம் அவன் காலிலேயே போய் விழுவான். கொடுப்பவனின் காலிலிருந்து பந்து கிளம்பும் முன் தோளுக்கு மேலாக ஒரு பார்வை, பந்து உருண்டு வரும்போது இன்னொரு பார்வை. முதல் பார்வையோடு நிறுத்தினால் அதற்குள் எதிராளி இடம் மாறிவிடுவான்.

வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம் போதும். மூன்று பேர் ஒரே கோட்டில் நிற்கட்டும், ஓரத்து இருவருக்கும் இடையே 16 மீட்டர், இவன் நடுவில். பின்னால் நிற்பவன் விரல்களை உயர்த்திக் காட்டுவான். பந்தைத் தொடும் முன் இவன் எண்ணைச் சொல்ல வேண்டும். பாதி உடம்பைத் திருப்பி வைத்து, கொடுப்பவனுக்குத் தூரமாக உள்ள காலால் வாங்கி, அந்த ஒரே டச்சில் திரும்பி மறுபக்கம் கொடுக்கணும். ஒரு பக்கம் 20 தடவை, பிறகு மறுபக்கம்.

இது கைவந்ததும் முதுகுக்குப் பின்னால் 2 மீட்டரில் ஒருவனை நிறுத்துங்கள். அவன் சில தடவை ஓடி வந்து அமுக்குவான், சில தடவை நின்றுவிடுவான். அமுக்கினால் ஒரே தொடுதலில் பந்தை வந்த வழியே திருப்பிக் கொடுக்கணும், நின்றால் உங்கள் மகன் திரும்பலாம். டி யோங்கை டிவியில் பார்க்கும் பையன்கள் திரும்புவதை மட்டும் பார்க்கிறார்கள். திரும்பாமல் வந்த இடத்துக்கே பந்தைக் கொடுத்துவிடும் எத்தனையோ பாஸ்கள் கண்ணில் படுவதில்லை. கடைசியாக 24-க்கு 16 மீட்டர் கட்டத்தில் மூவருக்கு மூவர். கோல் போஸ்ட் வேண்டாம். பந்தை உருட்டிக்கொண்டே எதிர்க்கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி.

எங்கே கெடும் என்றால், இரண்டு பாதமும் கொடுப்பவனைப் பார்த்து நேராக இருந்தால் திரும்ப இரண்டு டச் ஆகும், அதற்குள் ஆள் வந்துவிடுவான். முதல் தொடுதல் காலடியிலேயே நின்றாலும் அதே கதிதான், ஒரு மீட்டராவது முன்னால் போகணும். பந்தில் காற்று கல் மாதிரி இருந்தாலும் டச் நிற்காது. விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம், அதாவது 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. நம் பள்ளி மைதானங்களின் இறுகிய தரையில் 9, 10-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பதின்மூன்று வயதுக்கு 5-ஆம் எண் பந்து ஆடலாம்.

கோச் கத்துவதில் ஒரு இடம் மட்டும் சரி. சொந்தப் பெனால்டி கட்டத்துக்குள் இந்த வேலை வேண்டாம், செவன்ஸ் ஆட்டத்தில் சுத்தமாக வேண்டாம். டி யோங் அங்கே துணிகிறார் என்றால், காலால் பந்து வாங்கிக் கொடுக்கத் தெரிந்த கோல்கீப்பர் பின்னால் நிற்கிறார். மைதானத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் மகனைத் தாராளமாகத் திரும்ப விடச் சொல்லுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், நீடாமங்கலம்: கணுக்கால் காயத்தால் டி யோங் யூரோ 2024-ல் ஆடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் கோடை வந்தால் இதேதான். என்ன செய்யலாம்?

அவருக்கு 2023-24 சீசனில் மூன்று தடவை, அதே வலது கணுக்கால். முதலில் செப்டம்பரில், பிறகு மார்ச்சில், கடைசியாக ஏப்ரல் 21 அன்று மாட்ரிட்டில். யூரோ அணியில் பெயர் இருந்தும் ஜூன் 10 அன்று விலக வேண்டியதாயிற்று. அடுத்த சீசனிலும் அக்டோபர் தொடக்கத்தில்தான் களத்துக்குத் திரும்பினார். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்தாலே ஆறிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு.

நம் பக்கம் தரையும் சேர்ந்துகொள்கிறது. சம்பா அறுத்ததும் வயலில் உளுந்தும் பயறும் கிடக்கும், ஆட இடமிருக்காது. அது முடிந்து பங்குனி, சித்திரையில் வயல் கிடைக்கும்போது களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும், போதாக்குறைக்கு எலிவளை. பிள்ளைகளை இறக்கும் முன் ஒருவர் மைதானம் முழுக்க நடந்து வெடிப்புகளில் மணல் கொட்டி மிதித்துவிடட்டும். முடியாத மூலையைக் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

பிசகியவுடன் உருவித் தேய்க்க வேண்டாம், வீக்கம் கூடும். துணி சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், இறுக்காமல் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். கணுக்கால் பக்கம் வலியோடு நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பு இரண்டில் எதன் பின் விளிம்பை நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். திரும்ப ஆட விடும் முன் அந்த ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கட்டும், குதித்து இறங்கட்டும், வளைந்து ஓடட்டும். மற்றக் காலைப் போலவே செய்தால் விடலாம். ஒற்றைக் கால் நிற்றலை நல்ல காலுக்கும் சேர்த்து, தினமும் 30 விநாடி மூன்று தடவை, சீசன் முழுக்க வார்ம்-அப்பிலேயே வையுங்கள்.

வாசகர், காரைக்கால்: 2010 உலகக்கோப்பை இறுதியில் நெஞ்சில் உதைத்த டி யோங் இவர்தானா?

இல்லை. சாபி அலோன்சோவை உதைத்தது நைஜல் டி யோங். தலையால் முட்டி கோல் போடும் ஸ்ட்ரைக்கர் லூக் டி யோங், அவருடைய அண்ணன் சீம் டி யோங் ஆகியோரும் வேறு. இவர்கள் யாரும் ஃபிரெங்கிக்கு உறவில்லை.

வாசகர், மயிலாடுதுறை: டி யோங் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்திருக்கிறாரா? அந்த ஆட்டங்கள் நம் நேரத்தில் எப்போது?

2025 வரை இல்லை. மிக நெருங்கியது 2019 மே 8 அன்று. அரையிறுதியில் டாட்டன்ஹாமின் லூகாஸ் மௌரா கடைசி விநாடிகளில் மூன்றாவது கோலைப் போட, மொத்தக் கணக்கு 3-3 ஆகி, சமமானால் வெளிமைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற அப்போதைய விதியால் அயாக்ஸ் வெளியேறியது. பார்சிலோனாவுடன் 2022-23, 2024-25 ஸ்பெயின் லீக் பட்டங்கள் உண்டு. 2021 அரசர் கோப்பை இறுதியில் ஒரு கோலும் போட்டார்.

சாம்பியன்ஸ் லீக் இரவு ஆட்டம் ஸ்பெயின் நேரப்படி 9 மணிக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30, மற்ற மாதங்களில் 12.30. செவ்வாய், புதன் என்று அட்டவணையில் போட்டிருந்தால் நம் காலண்டரில் அது புதன், வியாழன் அதிகாலை.