பட்டாளத்து விமானத்தில் டிக்கெட் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானப்படை விமானங்கள் இரைந்துகொண்டு போகின்றன. இதிலெல்லாம் சாதாரண ஜனம் டிக்கெட் எடுத்து ஏற முடியுமா? எந்த நாட்டிலாவது அப்படி உண்டா?
- ஒரு வாசகி, சூலூர்

பதில்: சூலூரில் முடியாதுங்க. ஆனால் உங்கள் தலைக்கு மேல் போகிற அதே ஏஎன்-32 ரக விமானத்தில் கார்கில்காரர்கள் ஏறுகிறார்கள். குளிர்காலத்தில் சோஜி லா கணவாய் பனியில் அடைபட்டால் அவர்களுக்கு ஸ்ரீநகர் போகச் சாலை கிடையாது. அப்போது விமானப்படை ‘கார்கில் கூரியர்’ ஓட்டுகிறது. சொகுசு எதிர்பார்க்காதீர்கள். அது சரக்கு விமானம். சுவரோரம் முதுகைச் சாய்த்து எதிரும் புதிருமாக உட்கார வேண்டும், கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். விமானப்படையில் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் சொல்கிறேன், காதுக்குப் பஞ்சு அவசியம்.

இதையே முழுநேர சர்வீஸாக நடத்தியவர்கள் தென் அமெரிக்கர்கள். பிரேசிலில் இது தபாலில் தொடங்கியது. 1931 ஜூன் 12-ல் இரண்டு ராணுவ லெப்டினன்ட்கள் ரியோவிலிருந்து சாவ் பாலோவுக்குத் தபால் பை கொண்டுபோனார்கள். பைக்குள் இருந்தது இரண்டே கடிதம்! கொலம்பியாவில் ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் அமேசான் காடு. ரோடே போகாத ஊர்களுக்காக அந்நாட்டு விமானப்படை 1962-ல் ‘சட்டேனா’வைத் தொடங்கியது.

எனக்கு இதில் சுவாரசியமானது அர்ஜென்டினாவின் ‘லாடே’. 1940-ல் ஜெர்மன் ஜங்கர்ஸ் விமானங்களோடு நாட்டின் தென்கோடியான படகோனியாப் பக்கம் பறக்க ஆரம்பித்து, 1945-ல் இந்தப் பெயருக்கு வந்தது. 1971-ல் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளுக்கும் ஓட்டினார்கள். முதலில் தண்ணீரில் இறங்கும் விமானம். அப்புறம் அர்ஜென்டினாவே உலோகத் தகடு விரித்துத் தற்காலிக ஓடுதளம் போட்டது. தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் அதில்தான் போய்வந்தார்கள். போவதற்கு அர்ஜென்டினா கொடுக்கும் பயண அட்டை கையில் இருக்க வேண்டும். தீவு எங்களுடையது என்று உரிமை கோரும் நாடு, அதே தீவுக்கு டிக்கெட் விற்கிறது! ஏறி உட்கார்ந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்காதா?

பிறகு பிரிட்டன் பக்காவாக ஓடுதளம் கட்டியது. அதிலும் வந்து இறங்கியது லாடேதான். 1982 ஏப்ரல் 2-ல் அர்ஜென்டினா படை தீவைப் பிடித்தது. முன்பு லாடே பிரதிநிதியாக அங்கே குடியிருந்த விமானப்படை அதிகாரி ஹெக்டர் கிலோபர்ட், அதற்குச் சற்று முன்னால்தான் கம்பெனிக் கணக்குப் பார்க்க என்று வந்து சேர்ந்திருந்தார். மே 1-ல் அந்த ஓடுதளத்தின் மேல் குண்டு போட்டது, அதைக் கட்டிய பிரிட்டனே. பட்டாளம் விமானம் விட்டால் பயணியோடு கொடியும் ஏறிக்கொள்ளும் என்பது என் கட்சி. நோயாளிக்கு அது உதவியது பொய்யில்லை. உதவி மட்டுமே அல்ல என்பதும் நிஜம்.

கேள்வி: இந்த அரசு விமான சர்வீஸ்கள் நஷ்டத்தில் ஓடுவதற்குப் பதில் தனியாரிடம் விடலாமே?
- ஒரு வாசகர், அந்தியூர்

பதில்: ஈரோடு மாவட்டத்து ஆளே இப்படிக் கேட்கலாமாங்க? உங்கள் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையத்துக்கு அரசு பஸ் போவது லாபம் பார்த்தா? சேலத்துக்கு 2018-ல் வந்த விமான சர்வீஸ் 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதுவும் பெரிய ஊர். பத்துப் பேர் ஏறும் காட்டு ஊருக்கு எந்த முதலாளி வருவார்?

அதற்காக அரசு விமானம் என்றென்றும் ஓடும் என்று எண்ண வேண்டாம். ஈக்வடார் விமானப்படை 1962-ல் தொடங்கிய ‘டாமே’ நஷ்டம் தாங்காமல் 2020-ல் இழுத்து மூடப்பட்டது. சட்டேனா 2011 வாக்கில் கம்பெனியாக மாறி, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழேயே பறந்துகொண்டிருக்கிறது.